பழைய பைக்குக்கு யார் காவல்?

"இந்தப் பழைய சாமானை எவன் தூக்கிக்கிட்டுப் போகப் போறான்?" பைக் வைத்திருக்கும் நம்மவர்களிடம் பூட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. தோழர்களே, இந்தப் பேச்சை முதலில் நாம் விட வேண்டும். இன்றைய நிலையில் களவெடுப்பவனுக்கு மிகவும் வசதியானது பழைய பைக்தான்.

காரணம் தெரியாதது அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன் பிறகு பழைய பைக்கின் விலை ஏறிய ஏற்றத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். 2025 இல் இறக்குமதியை மறுபடி திறந்துவிட்டார்கள் என்றாலும், வரியோடு சேர்த்துப் புது பைக்குக்குச் சொல்லும் விலை தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டுகிற விலையா? ஆகவே பஜாஜ் சிடி 100, டிஸ்கவர், ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டர், அதற்கும் முந்திய ஹொண்டா சிடி 125 எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓடுகிறவரை அவற்றுக்குப் பார்ட்ஸ் தேவை. முழுப் பைக்கை விற்பதற்குப் புத்தகம் வேண்டும். காபரேட்டர், டேங்க், சில்லு, எஞ்சின் என்று கழற்றி விற்பதற்கு எந்தப் பத்திரமும் வேண்டாம். பழைய பைக்கைத் தூக்கினால் ஒரே இரவில் அதைத் துண்டு துண்டாக்கிவிடலாம்.

பறிகொடுத்தவனுக்குப் போவது எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை மூலம் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 148 பேர். சாப்பிடாமல், கடைக்கடன் கட்டாமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல் 148 முழுப்பேர் போட்டால் அந்தப் பைக். சேமலாப நிதிக்கு வெட்டுவதையும் மற்றக் கழிவுகளையும் இதில் நான் சேர்க்கவில்லை. முற்பணம் கட்டுவதற்கு அடகுக் கடைக்குப் போன அம்மாவின் தோட்டையும் சேர்க்கவில்லை.

பைக் செய்கிற வேலைக்கு விலை போடவும் முடியாது. 1990 அம்புலன்ஸ் வருகிறது, நல்ல சேவை. ஆனால் மேல் டிவிசனுக்குப் போகும் பாதையில் மழைக்காலத்தில் அது எங்கே வந்து நிற்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். காய்ச்சல் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு தாய் பின்னால் உட்கார, அடுத்த காம்பரா தம்பி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது எந்தத் தோட்டத்தில் நடக்கவில்லை? என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் சிலர் மழை நாளில் பள்ளிக்கூடம் வருவதே மாமாவின் பைக்கில்தான். அந்தப் பைக் பழுதாகிக் கிடக்கும் வாரத்தில் இடாப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். நம்மவர்கள் வைத்திருக்கும் பழைய பைக்குகளில் பல இன்னும் பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே இருக்கின்றன. 'ஓப்பன் பேப்பர்' என்று சொல்லி, விற்றவர் கையெழுத்து வைத்த வெறும் படிவத்தையும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கி ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். அவர் யாரிடம் வாங்கினார் என்று பார்த்தால் அதுவும் ஓப்பன் பேப்பராகத்தான் இருக்கும். மாற்றுவதற்குக் காசு செலவாகும், கொழும்புக்கு அலைய வேண்டும், ஒரு நாள் பேர் போகும் என்று தள்ளிப்போடுகிறோம். ஓடுகிறவரை பிரச்சினை இல்லை.

களவு போன அன்றைக்குத்தான் பிரச்சினை தெரியும். பொலிஸில் முதலில் கேட்பது, "பைக் யார் பெயரில்?" பைக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது வழக்குப் பொருளாகி நீதிமன்றத்துக்குப் போனால் அதை விடுவித்துக் கொடுக்கப் புத்தகத்தில் பெயர் உள்ளவரைத் தேடுவார்கள். அவர் எங்கே? சிலவேளை வெளிநாட்டில், சிலவேளை உயிரோடே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பைக் பொலிஸ் வளவில் மழையில் துருப்பிடித்துக் கிடக்க, அது தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல் நிற்கும் நிலை வேறு யாருக்கும் வரக்கூடாது. இந்தப் பக்கம் வாங்கியவருக்கு இப்படி என்றால், விற்றவருக்கும் ஆபத்து உண்டு. களவெடுத்தவன் அதில் போய் விபத்தோ குற்றமோ செய்தால் பொலிஸ் முதலில் கதவைத் தட்டுவது புத்தகத்தில் இருக்கும் பெயருக்குரியவர் வீட்டைத்தான். ஆகவே விற்றவரும் வாங்கியவரும் ஒன்றாகப் போய் மாற்றிக்கொள்வது இருவருக்கும் நல்லது. லீஸிங்கில் வாங்கியவர்கள் கடைசித் தவணை கட்டியதோடு நின்றுவிடாமல் புத்தகத்திலிருந்து கம்பனியின் பெயரை நீக்குவித்துக்கொள்ள வேண்டும். தவணை முடியும் முன்பே பைக் போய்விட்டாலோ, பைக்தான் போகும், தவணை போகாது.

காப்புறுதியும் இதே கதைதான். தவணை ஓடும் காலத்தில் கம்பனி கேட்பதால் முழுக் காப்புறுதி போடுகிறோம். தவணை முடிந்ததும் செலவைக் குறைக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறங்கிவிடுகிறோம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்பது நம் பைக்கால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு. பைக் களவு போனால் அதில் ஐந்து சதமும் கிடைக்காது. இதைச் சொன்னதும் "அப்போ எதுக்கு வருசா வருசம் கட்டுறோம்?" என்று கோபப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். சட்டத்துக்காகக் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

2022 இல் பெற்றோலுக்கு கியூஆர் முறை வந்தபோது பதிவு செய்ய செசி இலக்கம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் நம்மில் பலர் முதன்முதலாகத் தங்கள் பைக்கின் செசி இலக்கத்தைத் தேடிப் பார்த்தார்கள். ஹேண்டில் கழுத்துப் பக்கத்தில் சேற்றைத் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தது நினைவிருக்கும். இப்போது மறுபடி ஒருமுறை அதைச் செய்யுங்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் போட்டோ எடுத்து, புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, வீட்டில் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். போனிலேயே மட்டும் வைத்தால் போன் தொலைந்த அன்று அதுவும் போய்விடும். பைக்கில் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஏதாவது இருக்கும். வெல்டிங் பிடித்த இடம், நசுங்கிய சைலன்சர், மாற்றிப் போட்ட கண்ணாடி. அவற்றையும் படம் எடுங்கள். புத்தகத்தின் அசலைப் பைக் சீட்டுக்குக் கீழே வைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பைக்கையும் கொடுத்து அதற்குரிய பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கும் வேலை அது.

இனிப் பூட்டுக்கு வருகிறேன். சமவெளியில் பைக் களவெடுப்பவன் அதை ஸ்டார்ட் பண்ண வேண்டும், அல்லது லொறியில் ஏற்ற வேண்டும். மலைநாட்டில் அதுவும் தேவையில்லை. ஸ்டாண்டைத் தட்டி, நியூட்ரல் போட்டு, ஏறி உட்கார்ந்தால் போதும். லயத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும் சத்தமே இல்லாமல் பைக் தானாக இறங்கிவிடும். நாம் அலாரம், மறைவு சுவிட்ச் என்று எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் எஞ்சினைத் தொடுவதே இல்லை. எனவே நம் ஊருக்கு முதல் பாதுகாப்பு சில்லு உருளாமல் செய்வதுதான்.

பழைய பைக்கின் ஹேண்டில் லொக்கை மட்டும் நம்பக்கூடாது. வருசக்கணக்கில் தேய்ந்த சாவித் துவாரத்துக்கு அதே மாதிரியான இன்னொரு சாவி போகும். பலமாகத் திருப்பினால் உடையவும் செய்யும். தேய்ந்த லொக் செட்டை மாற்றுவது பெரிய செலவு இல்லை, முடிந்தவர்கள் மாற்றுங்கள். எப்படியானாலும் ஒரு தடித்த சங்கிலியும் நல்ல பூட்டும் வேண்டும். சங்கிலியை முன்சில்லில் மட்டும் சுற்றாதீர்கள், முன்சில்லைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். பின்சில்லுக்குள்ளும் செசிக்குள்ளும் விட்டு, அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டுங்கள். லயத்து இஸ்தோப்பு மரத்தூண் பல இடங்களில் உளுத்துப் போயிருக்கிறது. அதில் கட்டினால் தூணோடு போகும். நிலத்தில் கொங்கிரீட் போட்டு இரும்பு வளையம் ஒன்றைப் பதிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சங்கிலி தரையில் தொங்கிக் கிடந்தால் அதன் மேல் சம்மட்டியால் அடிப்பது சுலபம், ஆகவே இழுத்து உயரத்தில் பூட்ட வேண்டும். பழைய சைக்கிள் டியூபுக்குள் சங்கிலியைப் புகுத்திவிட்டால் பைக்கின் பெயின்ட்டும் கெடாது, நம் ஊர் மழைக்குத் துருவும் பிடிக்காது. பூட்டுக்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்துத் திறக்கக் கஷ்டமாகும் பூட்டை மனுசன் பூட்டாமல் விட்டுவிடுவான்.

பைக்கின் மூக்கு மேட்டைப் பார்க்க, சுவர்ப் பக்கம் திருப்பி, கியரில் நிறுத்துங்கள். பாதையைப் பார்த்து, 'போய் வா' என்று வழியனுப்புகிற மாதிரி நிறுத்தாதீர்கள். இரவில் பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே கொண்டுபோவது செலவில்லாத இன்னொரு வழி. பெற்றோல் டெப்பை மூடினாலும் காபரேட்டரில் இருக்கிற பெற்றோல் தீரும்வரை கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு நிற்கும். இவையெல்லாம் தாமதப்படுத்தும், தடுக்காது. அலாரத்தைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பழைய பைக்கின் பற்றரிக்கு அது பாரம். காற்றுக்கும் மழைக்கும் நாலு நாள் சும்மா அலறினால் ஐந்தாம் நாள் உண்மையாக அலறும்போது யாரும் எழும்பமாட்டார்கள். லயத்து நாய் அதைவிட மேல், அதைச் சிறுத்தை தூக்காமல் இருந்தால்.

சாவியைப் பற்றியும் ஒரு சொல். கதவுக்குப் பக்கத்து ஆணியில், கலண்டருக்குக் கீழே பைக் சாவியும் சங்கிலிச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கும் வீடுகள் எத்தனை! வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியது. இத்தோடு நிறுத்திவிட்டால் இது சங்கப் பத்திரிகைக்கு எழுத வேண்டிய விசயமே இல்லை, கராஜ் பாஸ் சொல்லித் தந்துவிடுவார். பைக் ஏன் திறந்த வெளியில் நிற்கிறது என்ற கேள்வியை யார் கேட்பது?

லயத்துக் காம்பராவுக்குள் பைக்கை ஏற்ற இடமில்லை. ஏற்றினால் மனுசர் படுக்க இடமில்லை, பெற்றோல் மணத்தில் குழந்தை இருமும், அடுப்பும் அதே கூரைக்குக் கீழே எரிகிறது. அது பெரிய ஆபத்து, யாரும் செய்யாதீர்கள். சரி, வாசலில் நாலு கம்பு நட்டு இரண்டு தகரம் போடலாம் என்றால் அதற்குத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். கேட்காமல் போட்டால் கழற்றச் சொல்லிக் கடிதம் வரும். நான் அமைப்பு வேலைக்குப் போகும் தோட்டம் ஒன்றில் இப்படித்தான், கோழிக்கூடு அளவு கொட்டில் ஒன்றைப் பற்றி மூன்று தடவை ஒபிசுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. இன்னும் முடிவு வரவில்லை. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக நாம் குடியிருக்கும் வாசலில் ஆறடிக்கு மூன்றடி இடம் நமக்குச் சொந்தமில்லை. அதனால் நம் பைக் மழையில் நனைகிறது, இருட்டில் நிற்கிறது, களவு போகிறது. 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களைப் பாருங்கள். முதலில் அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று வீட்டுப் பக்கச் சுவரோடு ஒரு தகரச் சாய்ப்பு இறக்கியது. யாரையும் கேட்கத் தேவையில்லை. காணி உரிமை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இந்தச் சாய்ப்பைக் காட்டியே விளக்கிவிடலாம்.

காணி வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு பொதுக் கொட்டில், அதற்கு ஒரு லைட், கட்டிப் பூட்டுவதற்கு ஒரு நீட்டு இரும்புக் குழாய். ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் இரவு வாட்சர் போடுகிற நிருவாகத்துக்கு இது பெரிய செலவா? "பைக் உங்கள் சொந்தச் சொத்து, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். சரி. ஆனால் அதே பைக்கில் வந்துதான் ஆள் நேரத்துக்குப் பெரட்டில் நிற்கிறார். கொட்டிலை நாமே கட்டிக்கொள்கிறோம், இடத்தை மட்டும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டால் அதை மறுக்க நியாயமே இல்லை. வாய்ப்பேச்சு வேண்டாம். துரை மாறினால் வாய்ப்பேச்சும் மாறிவிடும்.

திருவிழா இரவும் சாவு வீட்டு இரவும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. ஊரே கோயிலில் இருக்கும்போது லயம் காலி. தேர் சுற்றும் சத்தத்தில் எந்தச் சங்கிலி அறுபடுவதும் கேட்காது. கோயில் கமிட்டி ஒரு இடத்தில் கயிறு கட்டி, இலக்கம் எழுதிய துண்டு கொடுத்து, இளைஞர் நாலு பேரை மாறி மாறி நிறுத்தினால் போதும். டவுனில் பைக்கை விட்டுவிட்டு கொழும்புக்கு பஸ் ஏறுகிறவர்கள் தெரிந்த கடைக்காரரிடம் கொஞ்சம் காசு கொடுத்தாவது உள்ளே வைத்துவிட்டுப் போங்கள்.

இளைஞர்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பைக் காணாமல் போன மறுநாள் லயத்தில் வேலையில்லாமல் இருக்கும் பையன்கள் மேல் கண் விழுகிறது. அடி விழுந்த சம்பவங்களும் உண்டு. பைக் போனது ஒரு நட்டம், பக்கத்துக் காம்பராவோடு பரம்பரைப் பகை வருவது அதைவிடப் பெரிய நட்டம். சாட்சி இருந்தால் பொலிஸுக்குச் சொல்லுங்கள், கை வைக்காதீர்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். ரசீது இல்லாமல் பாதி விலைக்கு எஞ்சின் ஹெட் கிடைக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது? களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். அந்தப் பாதி விலைதான் அடுத்த லயத்துப் பைக்கைக் களவெடுக்க வைக்கிறது.

லீஸிங்காரர் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்து சாவி கேட்டால் உடனே நீட்டிவிடாதீர்கள். அடையாள அட்டையையும் கம்பனிக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள், கிளைக்கு போன் எடுத்துக் கேளுங்கள், தோட்டத் தலைவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். அம்மாமாரும் அக்காமாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பைக் போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணித்தியாலத்திலேயே 119 க்குச் சொல்லுங்கள், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுங்கள். "ரெண்டு நாள் நாமே தேடிப் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள், ரெண்டு நாளில் அது பைக்காக இருக்காது. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையோ தோட்டத் தலைவரையோ கூட்டிக்கொண்டு போனால் நல்லது. முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்காமல் வெளியே வரவேண்டாம். கொப்பியில் எழுதி வைத்த செசி இலக்கம் அங்கேதான் உதவும்.

அடுத்த பிரதேசக் கூட்டத்துக்கு வரும் தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் டிவிசனில் எத்தனை பைக், இரவில் எங்கே நிற்கின்றன, அந்த இடத்தில் லைட் இருக்கிறதா, எத்தனை பேருக்குப் புத்தகம் சொந்தப் பெயரில் இல்லை என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். இது வரை களவு போனவை இருந்தால் முறைப்பாட்டு இலக்கத்தோடு எழுதுங்கள். பெயர் மாற்ற வேண்டியவர்களுக்குப் படிவம் நிரப்ப நான் சனிக்கிழமை பின்னேரங்களில் பாடசாலையில் இருப்பேன். கொட்டிலுக்கு இடம் கேட்கும் கடிதத்தை அந்தக் கணக்கை வைத்து எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புவோம்.